டெக்னிக்கல் சப்போர்ட் உத்தியோகமும் நமது வாலிபர்களும்

கம்ப்யூட்டர் படிப்புப் படித்துவிட்டு வெளிவருகின்ற நமது வாலிபர்களில் அநேகருக்கு முதன் முதலாகக் கிடைக்கும் உத்தியோகம் டெக்னிக்கல் சப்போர்ட் என்று சொல்லப்படுகின்ற கோளாறு தீர்க்கும் உத்தியோகமேயாகும். மிஷின் ஓடவில்லை, இன்டர்நெட் வரவில்லை, பாஸ்வேர்டை ஏற்கவில்லை, பிரிண்டர் காகிதத்தை விழுங்கிவிட்டது என்று கூப்பிடுகின்றவர்களுக்குப் பதில் சொல்லி, கோளாறு இன்னதென்று கண்டு, அதைச் சரி செய்து கொடுப்பதுதான் வேலை. இதில் இழிவு என்ன இருக்கின்றது என்பது நமக்கு விளங்கவில்லை. ஆனால் பையன் வேலைக்குச் சேர்ந்த சங்கதியைத் தகப்பனார் பக்கத்து வீட்டாரிடம் சொல்லும்போது, "சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான்" என்று சொல்லுகின்றாரே ஒழிய, சப்போர்ட்டில் இருக்கிறான் என்று சொல்லுவதில்லை. கலியாணப் பேச்சு நடக்கின்ற இடத்திலோ அந்த வார்த்தை வாயிலேயே வராது. பையனும், "இது தற்காலிகந்தான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, ஐந்து வருஷம் சென்ற பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருக்கின்றான்.

இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? புதிதாக ஒன்றைச் செய்கின்றவன் மேலானவன், செய்ததை ஓட வைத்துக்கொண்டிருக்கின்றவன் கீழானவன் என்கின்ற எண்ணத்திலிருந்து வந்தது. துணி வெளுப்பவரும், செருப்புத் தைப்பவரும், சாக்கடை வாருபவரும் ஒரு நாள் வேலை செய்யாவிட்டால் ஊர் நாறிப்போகும் என்று தெரிந்திருந்தும், அவர்களைப் பிறவியிலேயே தாழ்ந்தவர்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு, வாயால் ஓதிக்கொண்டிருந்தவனை மேலே உட்கார வைத்த தேசத்தில் இந்த எண்ணத்தை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பழைய சரக்கு, குளிர்ந்த காற்று வீசும் கண்ணாடிக் கட்டடத்திற்குள் குடியேறி இருக்கின்றது, அவ்வளவுதான்.

நிற்க, அந்தக் கட்டடத்திற்குள் என்ன நடக்கின்றது என்பதைச் சற்று பார்ப்போம். அங்கே எல்1, எல்2, எல்3 என்று மூன்று படிகள் வைத்திருக்கின்றார்கள். கூப்பிடுகின்றவரிடம் முதலில் பேசுகின்றவன் எல்1. அவனால் தீராததை ஒரு டிக்கெட்டாக எழுதி எல்2-க்குத் தள்ளுகின்றான். அங்கும் தீராதது எல்3-க்குப் போகின்றது. பிறவியினால் வருகின்ற படிக்கும் இந்தப் படிக்கும் வித்தியாசமுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அறிவினால் ஏறக்கூடிய படியை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஏறுவதற்கு வேண்டிய அறிவை மறைத்து வைத்துக்கொண்டு, "படிதான் இருக்கின்றதே, ஏறுவதுதானே" என்று சொல்லுகின்ற யோக்கியதையை என்னவென்பது? பல கம்பெனிகளில் எல்1 வேலைக்காரனுக்குக் கொடுக்கப்படுவது ஒரு தாள். இன்ன கேள்விக்கு இன்ன பதில், இத்தனை நிமிஷத்திற்குள் பேச்சை முடி, முடியாவிட்டால் மேலே தள்ளு என்று அதில் எழுதியிருக்கும். மிஷின் தன் நடவடிக்கைகளைத் தானே குறித்து வைக்கும் லாக் என்னும் குறிப்பைத் திறந்து பார்க்க அவனுக்கு அனுமதி கிடையாது. அவன் தள்ளிய டிக்கெட் மேலே போய்த் தீர்ந்துவிட்டால், கோளாறு என்னவாயிருந்தது, எப்படித் தீர்த்தார்கள் என்கின்ற விவரம் அவனுக்குத் திரும்பி வருவதுமில்லை. வேதத்தைச் சூத்திரன் காதால் கேட்கக்கூடாது என்று சொன்னவர்களாவது அதை வெளிப்படையாகச் சொன்னார்கள்.

இந்தத் தொழிலுக்கென்று உள்ள நூல்கள் இப்படிச் சொல்லவில்லை என்பதையும் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கின்றது. 1980-களில் பிரிட்டிஷ் சர்க்காரின் கம்ப்யூட்டர் இலாகா ஒன்று சர்க்கார் ஆபீசுகளின் உபயோகத்திற்காகத் தொகுக்க ஆரம்பித்த ஐ.டி.ஐ.எல். என்கின்ற முறையைத்தான் இன்று உலகம் முழுவதிலும் உள்ள சப்போர்ட் ஆபீசுகள் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்ளுகின்றன. அதில் இரண்டு காரியங்கள் வெவ்வேறாகப் பிரித்துச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒன்று, தடைப்பட்ட வேலையைச் சீக்கிரத்தில் மறுபடியும் நடக்கச் செய்வது. மற்றொன்று, அந்தத் தடை ஏன் ஏற்பட்டது என்னும் மூலத்தைத் தேடி எடுப்பது. நமது கம்பெனிகள் முதற்காரியத்திற்கு மாத்திரம் நிமிஷக் கணக்குப் போட்டு, இரண்டாவதை ஏட்டுச் சுரைக்காயாக வைத்திருக்கின்றன. ஆகவே, ஒரே கோளாறு வாரத்திற்கு நாற்பது தடவை வந்தால் நாற்பது டிக்கெட் மூடிய பெருமை கிடைக்கின்றது. ஒரே தடவையில் அதன் வேரை அறுத்தவனுக்கோ டிக்கெட் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று கெட்ட பெயர் வருகின்றது.

ஆனாலும் இந்தத் தொழிலில் மேலே வந்தவர்கள் எவரை எடுத்துக்கொண்டாலும், அவர் காரணம் கேட்டு மேலே வந்தவராகத்தான் இருப்பார். ஓர் உதாரணம் பார்ப்போம். ஓர் ஆபீசிலிருந்து ஒருவர், "இன்டர்நெட் வரவில்லை" என்று கூப்பிடுகின்றார். தாளைப் பார்த்து வாசிக்கின்றவன் கேபிளைப் பிடுங்கிச் சொருகச் சொல்லுவான். பிரௌசரை மூடித் திறக்கச் சொல்லுவான். மிஷினை அணைத்துப் போடச் சொல்லுவான். பிறகு மேலே தள்ளிவிடுவான். காரணம் கேட்கின்றவனோ, "உங்களுக்கு மாத்திரமா, பக்கத்து மேஜைக்காரருக்கும் வரவில்லையா? எப்போது முதல் வரவில்லை? அதற்கு முன் என்ன மாற்றினீர்கள்?" என்று மூன்று கேள்விகள் கேட்பான். பிறகு அந்த மிஷினின் ஐ.பி. விலாசத்தைப் பார்ப்பான். அது 169.254 என்று ஆரம்பித்தால் அதற்கு அர்த்தமுண்டு. மிஷின் தனக்கொரு விலாசம் வேண்டுமென்று கேட்டது; விலாசம் கொடுக்க வேண்டிய டி.எச்.சி.பி. சர்வரிடமிருந்து பதிலே வரவில்லை. ஆகையால் மிஷின் தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்பதே அந்த அர்த்தம். இனி கேபிளிலும், சுவிட்சிலும், அந்த சர்வரிலும் தேட வேண்டுமே தவிர, பிரௌசரைக் குடைவதில் பிரயோஜனமில்லை. விலாசம் சரியாயிருந்தால், வெளியே போகும் வாசலாகிய கேட்வேக்கு பிங் அனுப்பிப் பார்ப்பான். அது பதில் கொடுத்தால், வெளியிலுள்ள ஒரு விலாசத்தை எண்ணாகவே கொடுத்துக் கூப்பிட்டுப் பார்ப்பான். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு மாத்திரம் பதில் வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தருகின்ற டி.என்.எஸ்.-ல் குற்றமிருக்கின்றது என்று கண்டுகொள்ளுவான். இதற்குப் பெரிய பட்டம் ஏதாவது வேண்டுமா என்று கேட்கின்றோம். ஐ.டி.ஐ.-யில் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர் பிரிவில் ஒரு வருஷம் படித்த பிள்ளை சில வாரங்களில் இதைக் கற்றுக்கொள்ள முடியும். முதலில் இங்கே, பிறகு அங்கே, அதற்கப்புறம் அதற்கும் அப்பால் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போகின்ற அந்தப் புத்திக்குத்தான் பகுத்தறிவு என்று பெயர்.

"அணைத்துப் போடு" என்பது இந்தத் தொழிலில் ஒரு மந்திரமாகவே ஆகிவிட்டது. அது பலிப்பதில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு புரோகிராம் தான் எடுத்துக்கொண்ட நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் சேர்த்துக்கொண்டே போகலாம். ஒன்று மற்றொன்றுக்காகக் காத்து இரண்டும் நின்று போகலாம். அணைத்துப் போட்டால் இவை கலைந்துவிடுவதால் மிஷின் பழையபடி ஓடுகின்றது. ஆனால் காரணம் தெரியாமல் அணைத்துப் போடுகின்றவனுக்கு அது எப்போது பலிக்காது என்பதும் தெரியாது. மேலும், அணைத்தவுடன் நினைவகத்தில் இருந்த சாட்சியமும் அழிந்துபோய், அதே கோளாறு மறுநாளும் வருகின்றது. ஆயுத பூஜையன்று சர்வர் அறையில் எலுமிச்சம்பழம் வைத்து, மிஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் பூசுகின்றவர்களில் பொறியியல் பட்டம் பெற்றவர்களும் இருக்கின்றார்கள். அந்தப் பொடி காற்றாடி வழியாக உள்ளே போனால் எந்தக் கடவுள் டிக்கெட் எடுப்பார் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

1947-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 9-ந் தேதி அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 என்னும் கம்ப்யூட்டர் தவறு செய்தபோது, அதில் வேலை செய்தவர்கள் சாந்தி செய்யவில்லை. உள்ளே தேடிப் பார்த்து, ஒரு ரிலேயில் அகப்பட்டுக் கிடந்த அந்துப் பூச்சியை எடுத்து, தினக்குறிப்பு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் நேரத்தையும் எழுதி வைத்தார்கள். அந்த நோட்டு பூச்சியுடன் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கின்றது. கோளாறு கண்டவன் அதை எழுதி வைக்க வேண்டும் என்கின்ற பாடத்திற்கு அதைவிட நல்ல சாட்சி நமக்குக் கிடைக்கவில்லை.

இந்த வேலையை ஏளனம் செய்கின்றவர்கள் 2024-ம் வருஷம் ஜூலை மாதம் 19-ந் தேதியை நினைத்துப் பார்க்கட்டும். அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய பிழையான அப்டேட் ஒன்றினால், உலகமெங்கும் விண்டோஸ் மிஷின்கள் நீலத்திரை காட்டி நின்றுவிட்டன. மைக்ரோசாப்ட் கம்பெனி போட்ட மதிப்பின்படி அப்படி நின்றவை சுமார் 85 லட்சம். விமானங்கள் ரத்தாயின, ஆஸ்பத்திரிகளில் வேலை தடைப்பட்டது, நம் நாட்டு விமான நிலையங்களிலும் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. அனுப்பிய கம்பெனி 78 நிமிஷத்திற்குள் தன் பிழையைத் திருத்திக்கொண்டது. ஆனால் அதனால் என்ன? விழுந்துவிட்ட மிஷின் எழுந்திருந்தால் அல்லவோ திருத்தத்தை வாங்கிக்கொள்ளும்! ஆகையால் பெரும்பாலான மிஷின்களுக்கு யாராவது ஒருவர் நேரில் போய், சேப் மோடில் துவக்கி, அந்த ஒரு பைலை அழித்துவிட்டு, மறுபடியும் துவக்க வேண்டியதாயிற்று. டிஸ்க் பூட்டப்பட்டிருந்த இடங்களில் 48 இலக்கமுள்ள சாவி எண்ணை ஒவ்வொரு மிஷினுக்கும் தனித்தனியாகத் தேடி எடுத்து அடிக்க வேண்டியிருந்தது. கிளவுடில் ஓடிய மிஷின்களைப் பதினைந்து தடவை வரைக்கும்கூட அணைத்துப் போட்டுப் பார்க்கும்படி மைக்ரோசாப்டே சொல்லிற்று. அது மந்திரமல்ல. விழுவதற்கு முன் கிடைக்கும் சில விநாடிகளில் ஏதாவதொரு தடவை திருத்தம் வந்து சேர்ந்துவிடக்கூடும் என்கின்ற காரணம் அதற்கு இருந்தது.

அந்த இரவும் பகலும் இந்த வேலையைச் செய்தவர்கள் யார்? மேடையில் நின்று எதிர்காலத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கின்ற தலைமை உத்தியோகஸ்தர்களா? சப்போர்ட்காரர்கள்தானே! அன்றைக்கு ஒரு நாள் உலகத்திற்கு அவர்கள் முகம் தெரிந்தது. மறு வாரம் மறந்து போயிற்று.

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். 2003-ல் கூகிள் கம்பெனி, ஓடுகின்ற சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையைப் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களிடம் ஒப்படைத்து, அதற்கு சைட் ரிலையபிலிட்டி இஞ்சினியரிங் என்று ஒரு புதுப்பெயர் வைத்தது. பெயர் மாறியவுடன் அந்தஸ்தும் மாறிவிட்டது. இன்று அந்தப் பெயருக்கு நல்ல சம்பளம். பெயரைக் காட்டிலும் முக்கியமானது அவர்கள் வைத்துக்கொண்ட ஒரு விதி. கையால் செய்யும் அன்றாடக் கோளாறு வேலை ஒருவருடைய நேரத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. மீதிப் பாதி அந்தக் கோளாறுகள் மறுபடி வராமல் செய்வதற்கே செலவாக வேண்டும் என்பது அது. நமது எல்1 வாலிபனுக்கு வேண்டியதும் இந்தப் பாதி நேரந்தான். பாதி வேண்டாம், தினம் ஒரு மணி நேரமாவது கொடுக்கின்றார்களா?

பெயரைப் பற்றிப் பேச்சு வந்ததால் மற்றொரு சங்கதியையும் சொல்லிவிடுகின்றோம். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாட்டில், பெயருக்குப் பின்னால் தொங்குகின்ற ஜாதி வாலை அறுத்தெறிய வேண்டுமென்று தீர்மானித்தார்கள். தன் பெயர் தன் பிறப்பைக் காட்டிக் கொடுக்கும் அடையாளமாயிருக்கக்கூடாது என்பது அதன் கருத்து. எழுபது வருஷம் கழித்து, 2000-ம் வருஷ வாக்கில் கால் சென்டர்கள் பெருகியபோது, நம் பிள்ளைகளுக்கு ராத்திரிக்கு மாத்திரம் பாப் என்றும் சூசன் என்றும் பெயர் வைத்து, அமெரிக்கர் மாதிரி மூக்கால் பேசப் பழக்கினார்கள். ஊர் கேட்டால் பொய் சொல்லும்படியும் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று அது பெரிதும் குறைந்திருந்தாலும், அதன் மிச்சம் இன்னும் ஒழியவில்லை. கேட்கின்றவருக்கு விளங்கும்படி தெளிவான இங்கிலீஷ் பேசவும், தப்பில்லாமல் நாலு வரி எழுதவும் கட்டாயம் கற்க வேண்டும். கண்டது என்ன, செய்தது என்ன, பலன் என்ன என்று டிக்கெட்டில் ஒழுங்காக எழுதத் தெரியாமல் இந்தத் தொழிலில் ஒருவன் முன்னுக்கு வர முடியாது. ஆனால் அதற்காகத் தகப்பனும் தாயும் வைத்த பெயரை மறைக்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது?

வேலை நிலைமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகின்றோம். அமெரிக்காவின் பகல் நமது ராத்திரியாகையால், ராத்திரி ஷிப்ட் இந்தத் தொழிலில் தவிர்க்க முடியாததாயிருக்கின்றது. தூக்கங்கெட்டு உழைப்பதற்கு அலவன்சும், போக வர வண்டியும் கேட்பது பிச்சையல்ல. பெண்களுக்கு ராத்திரி வேலை கூடாது என்று வீட்டில் தடுக்கின்ற பெரியவர்கள், ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுவதும் நர்சு அம்மாள் இருக்கின்றாரே, அவரும் ஒரு வீட்டுப் பெண்தானே என்று யோசித்துப் பார்க்கட்டும். பாதுகாப்பு இல்லாவிட்டால் பாதுகாப்பைக் கேட்க வேண்டுமே அல்லாமல், பெண்ணை வீட்டில் வைத்துப் பூட்டுவது எந்த நியாயம்? வேலைக்குச் சேரும்போதே அசல் சர்ட்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளுகின்ற கம்பெனிக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. ஐ.டி. தொழிலாளர்களுக்குச் சங்கம் கிடையாது என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகின்றார்கள். அப்போதிருந்த தொழில் தகராறு சட்டம் இவர்களுக்கும் பொருந்தும், சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று தமிழ்நாடு சர்க்கார் 2016-லேயே தெளிவுபடுத்தி இருக்கின்றது.

இவற்றைவிட ஆபத்தானது ஒன்றுண்டு. "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது" என்று பொய் சொல்லி, அயல்நாட்டுக் கிழவர் கிழவிகளிடம் பணம் பறிக்கின்ற கூட்டங்களும் தங்களை டெக்னிக்கல் சப்போர்ட் என்றே அழைத்துக்கொள்ளுகின்றன. அங்கும் தாள் உண்டு, டார்கெட் உண்டு, சம்பளமும் உண்டு. அது வேலையல்ல, திருட்டு. 2022-ல் தாய்லாந்தில் ஐ.டி. உத்தியோகம் என்று ஏஜெண்டுகள் சொன்னதை நம்பிப் போய், எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடியில் அடைக்கப்பட்டு, மோசடி வேலை செய்யும்படி வதைக்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு வாலிபர்களும் இருந்தார்கள். மீட்கப்பட்டு வந்தவர்கள் சொன்னவை பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. முன்பணம் கேட்கின்றவனிடமும், வேலை இன்னதென்று விவரம் சொல்லாமல் விமான டிக்கெட் கொடுக்கின்றவனிடமும் எந்தத் தகப்பனாரும் பிள்ளையை ஒப்படைக்கக்கூடாது.

இனி, இயந்திர மூளை வந்துவிட்டதே, சப்போர்ட் வேலையே போய்விடாதா என்று கேட்கின்றார்கள். தாளைப் பார்த்து வாசிக்கின்ற வேலை போகத்தான் போகின்றது. மனிதனைவிட அது நன்றாகவே வாசிக்கும். 2024 பிப்ரவரியில் கிளார்னா என்னும் ஸ்வீடன் தேசத்துக் கம்பெனி, தன் இயந்திரப் பதிலாளி 700 பேர் வேலையைச் செய்கின்றது என்று தம்பட்டம் அடித்தது. 2025-ல் அதே கம்பெனியின் தலைவர், வாடிக்கைக்காரருடன் பேச மறுபடியும் மனிதர்களை எடுக்கப்போவதாகச் சொன்னார். ஏர் கனடா கம்பெனியின் இயந்திரம் கட்டணச் சலுகையைப் பற்றி ஒரு பிரயாணிக்குத் தப்பாகச் சொல்லிவிட, அந்த இயந்திரம் தன் வார்த்தைக்குத் தானே பொறுப்பாளி என்று அந்தக் கம்பெனி வாதாடியதும், 2024-ல் கனடா நியாயசபை ஒன்று அதைத் தள்ளி, கம்பெனியே நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்புச் சொன்னதும் உலகறிந்த விஷயம். பொறுப்பேற்க ஒரு மனிதன் வேண்டியிருக்கின்றது. அந்த மனிதன் காரணம் தெரிந்தவனாக இருக்க வேண்டியிருக்கின்றது.

ஆகையால் இந்த உத்தியோகத்தில் சேர்ந்த, சேரப்போகின்ற வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் நாம் சொல்லுவது இதுதான். கம்ப்டியா ஏ பிளஸ், சிஸ்கோ சி.சி.என்.ஏ. போன்ற பரீட்சைகளின் பாடத்திட்டம் நல்ல பாடத்திட்டமே. ஆனால் வினா விடைகளை யாரோ திருடி விற்க, அவற்றை நெட்டுருப் போட்டுப் பாஸ் செய்த சர்ட்டிபிகேட்டும் திருப்பதி லட்டும் நெட்வொர்க்கைச் சரி செய்வதில் ஒன்றேதான். பழைய மிஷின் ஒன்று மலிவாக வாங்குங்கள். காசில்லாமல் கிடைக்கின்ற லினக்ஸை அதில் போடுங்கள். வேண்டுமென்றே கெடுத்துச் சரி செய்து பாருங்கள். கெட்டது எப்படி, தீர்ந்தது எப்படி என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். இரண்டு வருஷத்து நோட்டை இன்டர்வியூவில் மேஜை மேல் வைக்கின்றவனை, எந்தக் காலேஜில் படித்தாய் என்று கேட்பதற்கு முன், கேட்கின்றவன் அந்த நோட்டைத்தான் புரட்டிப் பார்ப்பான்.

ஆபீசுக்குள் இருப்பவர்கள் வாரத்திற்கு ஒரு நாள், தாங்கள் மேலே தள்ளிய டிக்கெட்டுகளில் எவை எவை மூடப்பட்டன என்று பார்த்து, மூடியவரிடம் நேரில் போய், "அதில் கோளாறு என்னவாயிருந்தது?" என்று கேட்க வேண்டும். உட்கார வைத்துச் சொல்லுகின்றவர் இருக்கின்ற இடமானால், சம்பளம் சற்றுக் குறைவாயிருந்தாலும் இரண்டு வருஷம் அங்கே இருக்கலாம். "அது உனக்கெதற்கு?" என்று சொல்லுகின்ற இடமானால், வேறு இடத்திற்கு மனுப்போட அன்றைய தினமே ஆரம்பித்துவிடலாம்.